நிறைந்த அமாவாசையில் எடுத்த கணக்கு

நகரமைப்பு முதுகலைப் படிப்பில் சேர்ந்த முதல் நாள், வரவேற்புக் கூட்டத்தில் ஒரு பெரிய அதிகாரி வந்து பேசினார். "நாளைக்கு இந்த நாட்டு நகரங்களை நடத்தப்போகிறவர்கள் நீங்கள்தான்" என்றார். நான் அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டுக்கொண்டேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஏனாத்தூரில் நெல்லும் வேர்க்கடலையும் விளைவிக்கிற குடும்பம் எங்களுடையது. மதராஸில் அந்த வகுப்பில் இருந்தவர்களில் பாதிப் பேர் பொதுப்பணித் துறையிலிருந்து வந்த என்ஜினியர்கள். பெண்கள் என்று பார்த்தால் நானும் இன்னொருத்தியும்தான். அப்படிப்பட்ட ஒருத்தியிடம் வந்து நகரத்தையே நீதான் நடத்தப்போகிறாய் என்று சொன்னால் தலைக்கனம் ஏறத்தான் செய்யும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஏறியது.

எழுபதுகளின் தொடக்கம் அது. பாடப் புத்தகங்கள் எல்லாம் சீமையில் அச்சானவை. அங்கே உள்ள வட்டச் சந்திகளையும் நடைபாதைகளையும் நாங்கள் மனப்பாடம் செய்தோம். நடுரோட்டில் ஒரு எருமை படுத்திருந்தால் என்ன செய்வது என்று அவற்றில் ஒரு வரி கிடையாது. இரண்டாம் வருஷம் ஆளுக்கு ஒரு ஊரை எடுத்துக்கொண்டு, அங்கே ஒரு பிரச்சினையைத் தீர்த்து, ஆய்வேடு எழுத வேண்டும். கடைசி அத்தியாயத்துக்குப் 'புதுமை' என்றே தலைப்புக் கொடுத்திருந்தார்கள். அதுவரை யாரும் செய்யாத ஒன்றை அதில் சொல்லியாக வேண்டும்.

நான் யோசிக்காமல் காஞ்சிபுரத்தை எடுத்தேன். நாலு மைல் தள்ளிப் பிறந்தவள், அங்கேயே பள்ளிக்கூடம் படித்தவள், எனக்குத் தெரியாத காஞ்சிபுரமா என்ற நினைப்பு. பிரச்சினையும் கையிலேயே இருந்தது. பெரிய காஞ்சிபுரத்தில் கோயிலுக்கு வருகிறவர்களும் புடவை எடுக்க வருகிறவர்களும் தெருவை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். பஸ்கள் காலையிலிருந்தே அங்கே வந்து மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்தபடி கிடக்கும். அந்த பஸ்களைத் திருப்பி விட வேறு ஒரு வழி கண்டுபிடித்தால் போதும்.

கண்டுபிடித்தேன். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் தெரு. வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டது மாதிரி நேராக, நல்ல அகலமாக இருந்தது. இவ்வளவு நல்ல தெருவை ஊர் வீணாகப் போட்டு வைத்திருக்கிறதே என்று எனக்குக் கோபமே வந்தது.

அடுத்து, அந்தத் தெருவில் காலை வேளையில் யார் யார், எந்த வண்டியில் போகிறார்கள் என்று எண்ண வேண்டும். பஸ் ஓடாத தெருக்களுக்கென்று அச்சடித்த பாரம் கொடுத்திருந்தார்கள். நடப்பவர், சைக்கிள், ரிக்‌ஷா, மாட்டுவண்டி, லாரி என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட வேண்டியதுதான். வேலையை எந்த நாளில் தொடங்குவது என்று வீட்டில் பேச்சு வந்தபோது அம்மா காலண்டரைப் பார்த்துவிட்டு, "புதன்கிழமை நிறைஞ்ச அமாவாசை. அன்னிக்கு ஆரம்பிடி, தடங்கல் இல்லாம முடியும்" என்றாள். எங்கள் வீட்டில் கிணறு வெட்டியதும் அமாவாசையில்தான், நான் மதராஸுக்குப் பெட்டி தூக்கியதும் அமாவாசையில்தான். எனக்கும் ஆட்சேபம் இல்லை.

அன்று காலை ஆறு மணிக்குத் தெரு முக்கில் போய் நின்றேன். ஒன்பது மணி வரைக்கும் பாரத்தில் கோடு போட ஆளே வரவில்லை என்று சொல்லலாம். தெருவில் ஈ காக்கை இல்லை. வீட்டுக் கதவுகள் பாதி திறந்திருந்தன. தலை துவட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்த இரண்டு ஆண்கள் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். எங்கோ ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. சரியான சோம்பேறித் தெரு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பாரத்தை மடித்துப் பையில் வைத்தேன். மூன்று நாளாவது எண்ண வேண்டும் என்பது விதி. ஆனால் அவ்வளவு வெறிச்சோடிக் கிடந்த தெருவில் இன்னும் இரண்டு நாள் நின்று எதை எண்ணுவது? ஒரு நாளே போதும் என்று முடிவு செய்துகொண்டேன்.

அந்தப் பாரத்தை வைத்துக்கொண்டு நான் போட்ட வரைபடம் அழகாக இருந்தது, அதை இப்போதும் ஒத்துக்கொள்வேன். பச்சை மையில் புது பஸ் வழி, காலை ஆறு மணியிலிருந்து ஓடும் என்று குறிப்பு. எங்கள் துறையில் வரைபடங்களைக் காட்சிக்கு வைத்தபோது காஞ்சிபுரம் நகராட்சி சேர்மனும் வந்து பார்த்தார். என் வரைபடத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "இதை அடுத்த கூட்டத்துலேயே வெச்சுடலாம்மா. நீயே வந்து விளக்கிச் சொல்லு" என்றவர், போகிறபோது, "படிப்பு முடிஞ்சதும் நம்ம ஊருக்கே வேலைக்கு வந்துடு" என்றும் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதை ஏனாத்தூர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

கூட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. தெருமுனையில் பஸ் திரும்ப இடம் போதுமா என்று அளந்து எழுத வேண்டியது ஒன்றுதான் பாக்கி. ஒரு காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு ஆறேகால் மணிக்குப் பிள்ளையார்பாளையம் போனேன்.

தெருவைக் காணோம். அதாவது, நடக்க வழி இல்லை. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டு இழைகளை நீட்டி, மரக் கால்களில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அரக்குச் சிவப்பில் ஒன்று, மாம்பழ மஞ்சளில் ஒன்று, மயில் கழுத்து நிறத்தில் ஒன்று. புடவையின் நீளவாக்கு இழைகளைத்தான் பாவு என்பார்கள். மூன்று புடவைக்கு ஆகிற பாவு தெருவின் கால்வாசி நீளத்துக்கு வரும். அதற்குக் கஞ்சித் தண்ணீர் தெளித்து, ஒட்டிக்கொண்ட இழைகளைப் பிரித்து, அறுந்ததைச் சேர்த்து, பிறகுதான் சுற்றித் தறிக்கு எடுத்துப்போக முடியும். இரண்டு பக்கமும் ஆணும் பெண்ணுமாக நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள். நான் எண்ண வந்த அன்று வெறிச்சென்று இருந்த அதே தெருவா இது என்று கண்ணைக் கசக்கிக்கொண்டேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். முதல் பாவின் ஓரத்தில் குனிந்திருந்த ஒரு பெண்ணிடம் போனேன். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும்.

"கொஞ்சம் வழி விடுங்க அக்கா. தெருவை அளக்கணும்."

"அளந்துக்கோ. இழையத் தாண்டிக்கினு போயிடாதே. கால் பட்டா அறுந்துடும்" என்றாள் நிமிராமலே.

"பொதுத் தெருவை இப்படி மறிச்சுப் போடலாமா? தினமும் இதே வேலையா?"

"தினமும் இதே வேலைதான்."

"பொய் சொல்லாதீங்க அக்கா. போன மாசம் நான் இதே முக்குல காலையில மூணு மணி நேரம் நின்னு எண்ணியிருக்கேன். ஒரு பாவு கிடையாது, ஒரு ஆள் கிடையாது."

அப்போதுதான் நிமிர்ந்தாள். "இன்னிக்கு வந்துக்கினு சட்டம் பேசறியே, அன்னிக்கு இன்னா நாளு?"

"புதன்கிழமை. அமாவாசை."

அறுந்த இழை அவள் விரல் நுனியிலேயே நின்றது. பிறகு தெருவின் அந்த முனைக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தாள்: "ஏ சின்னம்மா! இந்தப் பொண்ணு அமாவாசை அன்னிக்கு வந்து எண்ணிக்கினு போயிருக்குது!"

சிரிப்பு ஒரு பாவிலிருந்து அடுத்த பாவுக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு கிழவர் கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றேன்.

"அமாவாசையில எவம்மா தறியில உக்காருவான்? மாசத்துக்கு ஒரு நாளு, எங்களுக்கு அதான் லீவு" என்றாள் அவள். "அது போவட்டும். எங்கள எதுக்கு எண்ணின?"

பஸ் வழியைப் பற்றிச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "எத்தினி மணியிலேர்ந்து?" என்று கேட்டாள். ஆறு மணி என்றேன். வெயில் ஏறிவிட்டால் கஞ்சி சட்டென்று காய்ந்து இழை அறுந்துபோகும், அதனால் விடிந்ததிலிருந்து ஒன்பது மணிக்குள் தெரு வேலையை முடித்தாக வேண்டும் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"அப்போ பாவ எங்க போடறது?"

"வீட்டுக்குள்ளே..." என்று இழுத்தேன்.

"எங்க வூடு இன்னா நீளம் இருக்குதுன்னு வந்து பாரேன். இந்தத் தெரு எதுக்கு இவ்ளோ நேரா, இவ்ளோ அகலமா இருக்குதுன்னு நெனச்சே? பஸ்ஸுக்கா?"

வரைபடத்தில் அந்தத் தெருவைப் பார்த்த முதல் நாளே எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். பாவு நீட்டத்தான் அந்தத் தெருவையே அப்படி அமைத்திருக்கிறார்கள். நான் அதை வீணாகக் கிடக்கிற தெரு என்று எழுதி, அதன் காலை நேரத்தைத் தூக்கி பஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டேன். கூட்டத்தில் என் வரைபடம் நிறைவேறினால் அத்தனை வீட்டுத் தறியும் நின்றுபோகும்.

உடனே ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சேர்மன் சொன்ன வேலை, வகுப்பில் என்னை ஏற இறங்கப் பார்த்த என்ஜினியர்கள், முதல் பக்கத்துச் சிவப்பு அடிக்கோடு எல்லாம் சேர்ந்து என்னைத் தடுத்தன. கூட்டத்தில் யாராவது எப்படியும் ஆட்சேபிப்பார்கள், நான் எதற்கு முந்திக்கொள்ள வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இருந்த கடுப்பில் அம்மாவிடம் பாய்ந்தேன். "உன் நல்ல நாளாலதான் எல்லாம் கெட்டுது" என்றேன்.

அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "நாள் நல்ல நாள்தான்டி. நீதான் அந்தத் தெருவுல ஒரு ஆளைக்கூட ஒரு வார்த்தை கேக்கல" என்றாள்.

மறுநாள் மதராஸ் போய்ப் பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனுஷர்தான், ஆனால் வம்பு என்றால் பத்தடி தள்ளி நிற்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு அடிக்குறிப்பாப் போட்டுடலாமேம்மா. 'அமாவாசையன்று எடுக்கப்பட்டது' என்று. பொய் ஆகாது" என்றார்.

அந்த வழி எனக்கு ரொம்பவே இனித்தது என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. "அடிக்குறிப்பைக் கூட்டத்துல யாரும் படிக்க மாட்டாங்க சார். மறுபடி எண்ணிடறேன்" என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, பீரோவைத் திறந்து புதுப் பாரங்களை எடுத்தார். ஒன்றைப் பிரித்துப் பார்த்து, "பாவுக்கு இதுல கட்டமே இல்லையேம்மா" என்றார். நான் அவர் மேஜையிலேயே அளவுகோலை வாங்கி, லாரிக்குப் பக்கத்தில் ஒரு கட்டத்தைக் கையால் வரைந்துகொண்டேன்.

திரும்பவும் அந்தத் தெருவில் போய் நிற்பது லேசாக இல்லை. "வந்துட்டா கணக்குக்காரம்மா!" என்று முதல் பாவிலிருந்தே வரவேற்பு. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எனக்கு அதுதான் பெயர். நான் மறுபடியும் எண்ணப் போகிறேன் என்றதும் அந்தப் பெண், "நீ ஒருத்தி எண்ணினா மறுபடி எதையாச்சும் வுட்டுடுவ. அந்தக் கோடியில நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு பாரமும் பென்சிலும் தேவைப்படவில்லை. பாவிலிருந்து கழித்துப் போடுகிற பட்டு இழை ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டாள். தன் வேலையைச் செய்தபடியே, தெருவில் ஒரு பாவு விழுந்தால் அதில் ஒரு முடிச்சுப் போட்டாள். ஒரு நாளைக்கு ஒரு இழை. ஐந்து காலைகள் எண்ணினோம். ஒன்பது மணிக்கு என் கோடுகளையும் அவள் முடிச்சுகளையும் ஒத்துப் பார்ப்போம். மூன்றாம் நாள் என் கணக்கில் ஒன்று குறைந்தது. நான் டீ குடிக்கப் போயிருந்தபோது தெருக் கோடியில் ஒரு பாவு வந்திருக்கிறது. அவள் அன்று முழுக்க என்னை விடவில்லை.

நாலாம் நாள், "பஸ்ஸே வேணாம்னு எழுதிடறேன் அக்கா" என்றேன்.

"ஆரு வேணாம்னு சொன்னா?" என்று எரிந்து விழுந்தாள். "நான் மாசமா இருக்கசொல்ல ஆஸ்பத்திரிக்கு நடந்துக்கினே போனேன். முடிச்ச பொடவையத் தலையில வெச்சிக்கினு கடைக்கு நடக்கறோம். எங்களுக்கு மட்டும் பஸ்ஸு கசக்குதா? காலையில வேணாம்னுதாம்மா சொல்றேன்."

அந்தத் தெருவுக்கு என்ன வேண்டும் என்று நான் இரண்டாவது தடவையாக, அவர்களைக் கேட்காமலே முடிவு செய்திருக்கிறேன் என்று அப்போது புரிந்தது. அன்று காலை வேலை முடிந்ததும் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஏறக்குறைய எல்லாரும் சொன்னது இதுதான்: ஒன்பது மணிக்கு மேல் பஸ் வரட்டும், அமாவாசையன்று எப்போது வேண்டுமானாலும் வரட்டும். புதிதாக வரைபடம் போட்டேன். பச்சைக் கோடு அதேதான். நேரம் மட்டும் மாறியது.

கூட்டத்தன்று கூடம் நிறைய உறுப்பினர்கள். பின்வரிசையில் அந்தத் தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள், அவளும் இருந்தாள். சேர்மன் என்னை வாயாரப் புகழ்ந்து அறிமுகப்படுத்தினார். நான் எழுந்து முதல் வாக்கியமாக, "நான் முன்னால் காட்டிய கணக்கு தப்பு. அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்" என்றேன்.

கூடத்தில் சலசலப்பு. "இதுக்குத்தான் மதராஸ் வரைக்கும் போய்ப் படிச்சியாம்மா?" என்று யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். சேர்மனின் முகம் சுண்டிப்போனது. எனக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது. ஆனாலும் அமாவாசைக் கதையை மறைக்காமல் சொன்னேன். புதுப் பாரங்களையும் முடிச்சுப் போட்ட ஐந்து இழைகளையும் மேஜைமேல் வைத்தேன். சேர்மன் ஒரு இழையை எடுத்து விரலால் முடிச்சு முடிச்சாகத் தடவிப் பார்த்தார்.

ஒரு உறுப்பினர் விடவில்லை. "பஞ்சாங்கத்தைப் பாத்தா பஸ் விடறது? எங்கேயாவது நடக்குமா இது?" என்றார். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அதற்குப் பதில் கிடையாது.

பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "தேரு வரசொல்ல பஸ்ஸ நிறுத்தறீங்களே, அத்த இன்னாத்தப் பாத்து நிறுத்தறீங்க? பஞ்சாங்கத்தப் பாத்துத்தானே?"

முதலில் சிரித்தது சேர்மன்தான். மூன்று மாதம் சோதனையாக நடத்திப் பார்ப்பது என்று அன்றே தீர்மானம் ஆயிற்று. வேலையைப் பற்றி மட்டும் அவர் அதன் பிறகு பேசவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லாமல் இல்லை. பட்டம் வாங்கிவிட்டேன். 'புதுமை' அத்தியாயம் ஒரே பக்கம்தான். பாரத்தில் நான் கையால் வரைந்த கட்டத்தைப் பற்றியும், அதற்குக் காரணமான என் தப்பைப் பற்றியும் எழுதி, அந்த ஐந்து இழைகளையும் கீழே ஒட்டியிருந்தேன். பிறகு எத்தனையோ ஊர்களில் வேலை பார்த்தேன். ஒரு தெருவைப் பற்றி யார் என்ன கணக்குக் கொண்டுவந்து கொடுத்தாலும், அது எந்த நாளில் எடுத்தது என்றுதான் முதலில் கேட்பேன்.

தெருமுனையில் நகராட்சி ஒரு பலகை வைத்தது. 'காலை ஒன்பது மணி வரை வண்டிகள் வரக் கூடாது. அமாவாசை நீங்கலாக.' எழுத வந்த பெயிண்டர் இரண்டாவது வரியை நம்பாமல், இது சரிதானா என்று ஆபீசுக்குத் திரும்பப் போய்க் கேட்டுவிட்டு வந்தாராம்.

அடுத்த அமாவாசையன்று காலையில் நான் அதே முக்கில் போய் நின்றேன். கையில் ஒரு பாரமும் வைத்திருந்தேன், பழக்கதோஷம். முதல் தடவை நான் பார்த்த அதே வெறிச்சோடிய தெருதான். ஆனால் இந்தத் தடவை வீட்டு வாசல்களில் ஈரத் தலையோடு ஜனங்கள் நின்றிருந்தார்கள். ஆறரை மணிக்கு பஸ் திரும்பியது. திரும்ப இடம் தாராளமாக இருந்தது. கண்டக்டர் விசில் ஊத, தெருவே கை தட்டியது. முந்தின நிறுத்தத்துக்கே நடந்துபோய் ஏறி, ஜன்னலோரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். தலை நிறையக் கனகாம்பரம், மடியில் குழந்தை. என்னைப் பார்த்ததும் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு கத்தினாள்.

"கணக்குக்காரம்மா! எழுதிக்கோ, ஒண்ணு!"

பாரத்தில் பஸ்ஸுக்கும் கட்டம் இல்லை. லாரிக்கு இந்தப் பக்கம் ஒன்று வரைந்து, அதில் ஒரு கோடு போட்டேன். சந்தோஷத்தில் கண் நிறைந்து கோடு கோணலாகத்தான் விழுந்தது.